கம்ப்ரஸர் பத்திச் சொல்லுங்க

இசைத் தயாரிப்பு சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் எடுக்க ஆரம்பித்த புதிதில், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி அனுப்புவேன். "அடுத்து என்ன பாடம் வேண்டும்?" அவ்வளவுதான். பதிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான் வரும். கம்ப்ரஸர் பத்திச் சொல்லுங்க. கம்ப்ரஸர் எப்படி யூஸ் பண்றது? கம்ப்ரஸர் அட்டாக், ரிலீஸ் விளக்கம் ப்ளீஸ். கம்ப்ரஸர் என்பது எகிறும் சத்தத்தை அழுத்திச் சமப்படுத்தும் கருவி. அதற்கடுத்த இடம் எப்போதும் மாஸ்டரிங்குக்கு, அதாவது முடிந்த பாட்டை வெளியிடுவதற்கு முன் கடைசியாக மெருகேற்றும் வேலைக்கு.

சரி, கேட்டதைக் கொடுப்போம் என்று கம்ப்ரஸருக்கு மூன்று பாகம் எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். த்ரெஷோல்ட் என்பது ஒரு கோடு, அதைத் தாண்டும் சத்தத்தை மட்டும்தான் கம்ப்ரஸர் தொடும். ரேஷியோவை 4:1 என்று வைத்தால், கோட்டுக்கு மேல் 8 டெசிபல் எகிறிய குரல் 2 டெசிபல் மட்டும் எகிறி வெளியே வரும். அட்டாக் என்பது எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, ரிலீஸ் என்பது எவ்வளவு சீக்கிரம் விடுகிறது. டிரம்முக்கு அட்டாக்கை 1 மில்லிசெகண்டில் வைத்தால் அடியின் முனை மழுங்கிப்போகும். 30-இல் வைத்தால் அடி விழுந்து முடிந்த பிறகுதான் பிடி விழும், அடி தெறிக்கும். எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். பார்த்தவர்களும் "இப்பதான் புரிஞ்சது" என்றார்கள்.

அடுத்த மாதக் கடைசியில் வழக்கம்போலக் கேட்டேன். "கம்ப்ரஸர் பத்திச் சொல்லுங்க" என்று ஒரு பதில். அனுப்பியவர் மூன்று பாகங்களையும் பார்த்தவர், பார்த்துவிட்டு நன்றியும் சொன்னவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தில்தான் கேட்டேன், வேறு எந்த நல்லெண்ணத்திலும் இல்லை: "உங்க ப்ராஜெக்ட்டை அப்படியே அனுப்புங்க, பார்க்கிறேன்."

அனுப்பினார். குரல் டிராக்கைத் திறந்தால் ஒன்பது பிளக்-இன், அதாவது ஒலியை மாற்றும் மென்பொருள் கருவிகள். ஈக்யூ, கம்ப்ரஸர், மறுபடி ஈக்யூ, டீ-எஸ்ஸர், இன்னொரு கம்ப்ரஸர், சாச்சுரேஷன், மூன்றாவதாக ஒரு கம்ப்ரஸர், டிலே, ரிவர்ப். எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் அந்த மூன்றாவது கம்ப்ரஸரின் முள் 12 டெசிபலில் போய் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவே மறுத்தது. என் பாடத்தில் சொன்ன எண்கள் சிலவற்றை அப்படியே வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் இறங்கி, சங்கடம் ஏறியது.

ஒன்பதையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். வெறும் குரல் மட்டும் மிஞ்சியது. நல்ல குரல், சுருதி சுத்தம். முதல் இரண்டு வரிகளில் வாய் மைக்குக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது, அடிக்குரல் கும்மென்று வீங்கியிருக்கிறது. முன்பக்கச் சத்தத்தை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்குக்கு அப்படி ஒரு குணம்: கிட்டே போகப் போகக் கீழ் அதிர்வெண்கள் பெருக்கும். மூன்றாவது வரியில் குரல் திடீரென்று மங்கிப் பின்னால் போகிறது, அறையின் எதிரொலி உள்ளே நுழைகிறது. நான்காவது வரியில் மறுபடி முன்னால் வந்துவிடுகிறது. அடுத்த சரணம் வந்தது. அங்கேயும் மூன்றாவது வரியில் அதே மங்கல். அதற்கடுத்த சரணத்திலும் அதே.

போன் போட்டுக் கேட்டேன். "பாடும்போது வரிகளை எங்க வெச்சிருந்தீங்க?"

"போன்லதான் சார். மேசை மேல, வலது பக்கமா."

"எல்லா வரியும் பார்த்தா பாடினீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்ல, முதல் ரெண்டு வரியும் மனப்பாடம். மூணாவதுதான் மறந்துபோகும்."

மூன்றாவது வரி வரும்போதெல்லாம் தலை வலது பக்கம் திரும்பியிருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் வாய் பார்க்கும் திசையிலேயே போகிறவை. தலை திரும்பினால் குரலின் கூர்மை மைக்கைத் தாண்டிச் சுவருக்குப் போய்விடும், மைக்குக்கு மிச்சம்தான் கிடைக்கும். அந்த வரிக்கும் முந்தைய வரிக்கும் 7 டெசிபல் வித்தியாசம். அதைச் சமன்செய்யத்தான் மூன்று கம்ப்ரஸர். கம்ப்ரஸருக்கோ குரல் எது, சுவரில் பட்டுத் திரும்பி வந்த சத்தம் எது என்றெல்லாம் தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும். பெரிய சத்தத்தை அழுத்திவிட்டு மொத்தத்தையும் தூக்கும்போது, அந்த மங்கிய வரியோடு அறையும் சேர்ந்து மேலே வந்துவிடுகிறது. அவர் எந்த எண்ணை மாற்றினாலும் அது சரியாகியிருக்காது. நான் இன்னும் மூன்று பாகம் எடுத்திருந்தாலும்தான்.

வரிகளைப் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி, மைக்குக்குப் பின்னால் கண்ணுக்கு நேராக ஒட்டிவைத்துப் பாடச் சொன்னேன். பாடி அனுப்பினார். ஒரே ஒரு கம்ப்ரஸர் போட்டேன், 3 டெசிபல் அசைந்தது, போதுமானதாக இருந்தது.

அவருக்குத் தேவைப்பட்டது காகிதத்தை எங்கே ஒட்டுவது என்ற பாடம். ஆனால் அப்படி ஒரு பாடம் வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? நானே என்னிடம் கேட்டிருக்க மாட்டேன். மனிதர்களால் பெயர் தெரிந்த பொருளைத்தான் கேட்க முடிகிறது. "மூன்றாவது வரியில் என் குரலுக்கு என்னவோ ஆகிறது" என்பதற்குப் பெயர் கிடையாது. கம்ப்ரஸருக்குப் பெயர் உண்டு, பொத்தான் உண்டு, பளபளக்கும் முள் உண்டு. பெயரில்லாத குறை எல்லாம் பெயருள்ள கருவியின் தலையில் போய் விழுகிறது.

அன்றைக்கு ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. திறந்த கேள்வி கேட்பதால்தான் இந்தக் குழப்பம், நாலைந்து தலைப்பைக் கொடுத்து ஓட்டுப் போடச் சொன்னால் தெளிவாகிவிடும் என்று. இரண்டு மாதம் அப்படிச் செய்தேன். அது இன்னும் மோசம். என் மனதில் ஏற்கெனவே இருந்த ஐந்து தலைப்புகளுக்குள் அவர்களை அடைத்துவிட்டு, அவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஜெயித்தது மாஸ்டரிங். ஆனால் ஓட்டுப் போட்டவர்களில் பலர் கையில் மாஸ்டர் செய்ய ஒரு முழுப் பாட்டுகூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் கேள்வியையே மாற்றினேன். இப்போது நான் அனுப்புவது இதுதான்: "கடைசியாக எந்த இடத்தில் வெறுத்துப்போய் ப்ராஜெக்ட்டை மூடினீர்கள்? அந்த 30 நொடியை எனக்கு அனுப்புங்கள்." என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை.

பதில்களின் எண்ணிக்கை குறைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. "கம்ப்ரஸர்" என்று ஒரு வார்த்தை தட்டிவிடுவது சுலபம். தன் அரைகுறைப் பாட்டின் 30 நொடியை இன்னொருவருக்கு அனுப்பக் கூச்சம் விட வேண்டும். ஆனால் வந்தவை வேறு ஜாதி.

ஒருவர் எழுதியிருந்தார்: "எனக்குத் தாள ஞானம் கம்மி போல. நான் ரெக்கார்ட் பண்ற எல்லாமே தாளத்துல இருந்து தள்ளிப்போகுது. தாளப் பயிற்சிக்கு ஒரு பாடம் போடுங்க." கேட்டுப் பார்த்தால் தாளம் தப்பிய பாட்டு மாதிரி இல்லை. தப்புகிறவர்கள் முன்னும் பின்னுமாகத் தப்புவார்கள். இவர் தயங்கித் தயங்கி, ஒவ்வொரு வரியிலும் எதையோ துரத்துகிற மாதிரிப் பாடியிருந்தார். "பஃபர் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பஃபர் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார். கணினி ஒரே தடவையில் வாங்கிக் கையாளும் ஒலியின் அளவுதான் பஃபர். அது 1024 சாம்பிளில் இருந்தது, சாம்பிள் என்பது ஒலியின் ஒரு சிறு அளவீடு. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற சாம்பிள் ரேட்டில் அது 23 மில்லிசெகண்ட், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். குரல் உள்ளே போய், கணினிக்குள் சுற்றி, ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வர அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. கணக்குப் போட்டால், தன் குரலையே 15 மீட்டருக்கு அப்பால் நின்று யாரோ பாடுவதுபோலக் கேட்டுக்கொண்டு பாடியிருக்கிறார். அப்படியும் இந்த அளவுக்குத் தாளத்தில் நின்றிருக்கிறார் என்றால் ஞானம் நன்றாகவே இருக்கிறது.

பதிவு செய்யும்போது பஃபரை 128-க்கு இறக்குங்கள், ஒரு வழி 3 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். மிக்ஸ் செய்யும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள், கணினி மூச்சு வாங்காது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் இருந்தால் இன்னும் நல்லது, குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவர் எத்தனை மாதம் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாரோ. ஓட்டுப் பட்டியலில், இந்தத் தாமதத்தின் பெயரான 'லேட்டன்சி' என்று நான் போட்டிருந்தால்கூட அதற்கு அவர் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்.

இன்னொருவர், "பாடகி அனுப்பின குரல் சுருதி சேரல, சுருதி திருத்தற பிளக்-இன் பாடம் வேணும்" என்றார். 30 நொடி கேட்டேன். குரல் முழுக்க ஒரே அளவில் மேலே ஏறியிருந்தது, கொஞ்சம் அவசரமாகவும் இருந்தது. பாடகி பதிவு செய்த சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள், இவருடைய ப்ராஜெக்ட் 48-இல். எங்கேயோ மாற்றப்படாமல் அப்படியே உள்ளே வந்திருக்கிறது. 1982-இல் சிடி வந்தபோது 44.1 நிலைத்துவிட்டது, வீடியோ உலகம் 48-ஐப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை இரண்டு தரப்பும் இறங்கி வரவில்லை. 44.1-ஐ 48 என்று நினைத்து ஓட்டினால் நாலு நிமிடப் பாட்டு இருபது நொடி முன்னாலேயே முடிந்துவிடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். இவர் அந்தப் பாடகியிடம் மூன்று முறை திரும்பப் பாடச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

இனி மாஸ்டரிங். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டவர்கள் அத்தனை பேர். 30 நொடிகளைக் கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. "மாஸ்டரிங் சொல்லிக்கொடுங்க" என்றால் பெரும்பாலும் "வெளியான பாட்டுக்கு அடுத்து என் பாட்டைப் போட்டால் என்னுடையது சோனியாக இருக்கிறது" என்று அர்த்தம். இதில் பாதிக் குற்றம் காதுடையது. 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வைத்துவிட்டார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குக் கீழ் அதிர்வெண்கள் சரியாக எட்டாது. கூட்டினால் பேஸ் நிறைந்து கேட்கும். ஒரே பாட்டை 2 டெசிபல் கூட்டிப் போட்டாலே "இது நல்ல மிக்ஸ்" என்று சொல்லிவிடுவோம். நானும் சொல்வேன், என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

அதனால் மாஸ்டரிங் பாடத்தின் முதல் வேலையாக, ஒப்பிட எடுத்த பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கச் சொன்னேன். உங்கள் பாட்டும் அதுவும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை இறக்குங்கள், பிறகு பேசுவோம். இறக்கிய பிறகு, பலருக்கு ஒப்பீடே மாறிப்போனது. சத்தம் போதவில்லை என்று நினைத்த இடத்தில், கிக் டிரம்மும் பேஸும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பது கேட்டது. ஸ்ட்ரீமிங் சேவைகள் எப்படியும் சத்தத்தைச் சமப்படுத்திவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). பாட்டை நசுக்கி நசுக்கி -8-க்குக் கொண்டுபோனால் அவர்கள் 6 டெசிபல் குறைத்துவிடுவார்கள், நசுங்கல் மட்டும் உங்களிடம் மிஞ்சும். -14-க்குத்தான் மாஸ்டர் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வெளியாகும் பாட்டுகளில் நிறைய அதைவிடச் சத்தமானவைதான். நசுக்குவதாக இருந்தால் அந்த நசுங்கிய ஓசை பிடித்துப்போய் நசுக்குங்கள், பயத்தில் நசுக்க வேண்டாம்.

"இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு, சத்தம் ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் வேண்டியிருந்தது. ஃபேடரை இறக்குவதெல்லாம் ஒரு பாடமா என்ற ஏமாற்றம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. எனக்கு அது புரிகிறது. புதிதாக ஒரு கருவி கிடைத்தால் வரும் தெம்பு, "திரும்பிப் போய் முதல் வேலையைச் சரியாகச் செய்" என்ற பதிலில் வராது.

எல்லாக் கேள்விக்கும் பின்னால் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்ததும் ஒரு வியாதிதான், அதுவும் எனக்குக் கொஞ்ச காலம் இருந்தது. "கிக் அடிக்கும்போது மட்டும் பேஸ் இறங்கணும், சைட்செயின் எப்படி இணைக்கிறது?" என்று ஒரு பெண் கேட்டார். நான் உடனே துப்பறியக் கிளம்பிவிட்டேன். கிக் எந்த ஹெர்ட்ஸில் இருக்கிறது, பேஸ் என்ன வாசிக்கிறது, அரேஞ்ச்மென்ட் எப்படி என்று ஆறு கேள்வி. அவர் பொறுமையாக எழுதினார்: "அண்ணா, எல்லாம் சரியா இருக்கு. எந்த பட்டன்னு மட்டும் சொல்லுங்க." சொன்னேன். நாற்பது நொடியில் முடிந்தது.

இந்த 30 நொடிக் கேள்விக்கும் ஒரு ஓட்டை உண்டு. வெறுத்துப்போய் ப்ராஜெக்ட்டை மூடியவர் எனக்கு எழுதுகிறார் என்றால், அவர் மறுபடி திறக்கப்போகிறார் என்று அர்த்தம். திறக்காமலே விட்டவர்கள் எழுதுவதில்லை. மூன்று மாதமாகச் சத்தமே இல்லாத சிலருக்கு நானே எழுதினேன். பாடம் புரியவில்லை, போரடித்தது என்றெல்லாம் வரும் என்று எதிர்பார்த்தேன். பதில் போட்டவர்கள் சொன்னது வேறு. "எட்டு பார் இருக்கு. அதுக்கு மேல போகல." வார்த்தை கொஞ்சம் மாறும், விஷயம் இதுதான். பார் என்பது ஒரு தாளச் சுற்று. ஒருவரிடம் திரும்பத் திரும்ப ஓடும் எட்டு பார் லூப்பாக அறுபதுக்கு மேல் இருந்தன, முடிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை.

நான் அதுவரை எடுத்த பாடங்கள் எல்லாமே ஒரு முழுப் பாட்டு இருக்கிறது என்ற நினைப்பில் எடுக்கப்பட்டவை. குரலை எங்கே வைப்பது, ரிவர்ப்பை எவ்வளவு விடுவது, கடைசியில் எப்படி ஏற்றுமதி செய்வது. எட்டாவது பாரில் நிற்கிறவருக்கு அதில் என்ன வேலை?

அவர்களுக்காக எடுத்ததுதான் நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த பாடம். அதில் கருவி எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், நாலு அடித் தாளத்தில், ஒரு பார் 2 நொடி. எட்டு பார் 16 நொடி. மூன்று நிமிடப் பாட்டுக்கு அந்த மாதிரி பதினோரு கட்டம் போதும். முதல் வேலையாக, உங்கள் லூப்பைப் பதினோரு முறை ஒட்டிவிடுங்கள். யோசிக்காதீர்கள், ஒட்டுங்கள். இப்போது மூன்று நிமிடம் நிறைந்துவிட்டது, சலிப்பூட்டும் மூன்று நிமிடம்தான், பரவாயில்லை. இனிமேல் அழிப்பது மட்டும்தான் வேலை. முதல் கட்டத்தில் ஒரே ஒரு வாத்தியத்தை விட்டு மற்றதை அழியுங்கள். இரண்டாவதில் ஒன்றைத் திரும்பக் கொடுங்கள். பேஸை நாலாவது கட்டம் வரைக்கும் ஒளித்துவையுங்கள், அது நுழையும்போது யாரும் சொல்லாமலே தெரியும். ஏழாவதில் டிரம்மை முழுக்க எடுத்துவிடுங்கள். எட்டாவதில் எல்லாம் திரும்பி வரட்டும். கடைசிக் கட்டம் ஆரம்பத்தில் தனியாக நின்ற வாத்தியத்தோடு முடியட்டும். இது அற்புதமான பாட்டாக வராது. ஆனால் முடிந்த பாட்டாக வரும், அதற்குப் பிறகு கம்ப்ரஸர் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கும்.

அறுபது லூப் வைத்திருந்தவர் ஒரு வாரத்தில் பாட்டு அனுப்பினார். ஏழாவது கட்டத்தில் டிரம்மோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் மூச்சுச் சத்தம் ஒன்றை மட்டும் விட்டிருந்தார். அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

தலைப்பு விஷயத்தில் இன்னும் எனக்கே குழப்பம்தான். காகிதத்தை எங்கே ஒட்டுவது என்று பெயர் வைத்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். 'குரலுக்குக் கம்ப்ரஸர்' என்று வைத்தால் திறக்கிறார்கள். அதனால் கம்ப்ரஸர் என்றே வைத்து, முதல் ஆறு நிமிடம் மைக், வாய், தலை, காகிதம் என்று பேசிவிட்டு ஏழாவது நிமிடத்தில்தான் கம்ப்ரஸரைத் திறக்கிறேன். இது ஏமாற்று வேலை என்று ஒரு நண்பன் சொல்கிறான். ஏழாவது நிமிடத்தில் கம்ப்ரஸர் வருகிறதே என்பது என் கட்சி.

நேற்று இந்த மாதத்துப் பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு புதியவர், ஒரே வரி: "கம்ப்ரஸர் பத்திச் சொல்லுங்க, குரல்ல ஏதோ கிர்ர்னு வருது." இந்த முறை 30 நொடி கூடவே வந்திருந்தது. ஹெட்ஃபோனை மாட்டி மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்திலும் கம்ப்ரஸர் பிடியை விடுகிறது, பின்னணி மேலே வருகிறது, அதோடு சேர்ந்து அந்தச் சத்தமும். பன்னிரண்டாவது நொடியில் ஒருமுறை, பத்தொன்பதில் ஒருமுறை. மூச்சை இழுக்கும்போது உடம்பு லேசாகப் பின்னால் சாய்கிறது.

நாற்காலி.

அடுத்த பாடம் நின்றுகொண்டு பாடுவதைப் பற்றி. தலைப்பில் கம்ப்ரஸர் என்றுதான் போடப்போகிறேன்.